271 சொற்களின் வரைபடம்

சுதந்திர தினத்துக்கு மறுநாள் நாளிதழைப் புரட்டினால், பிரதமரின் செங்கோட்டை உரையைப் பற்றிய செய்திக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெட்டிச் செய்தி இருக்கும். எத்தனை நிமிடம் பேசினார், எந்தச் சொல்லை எத்தனை முறை சொன்னார் என்ற கணக்கு அதில் வரும். பட்ஜெட் உரைக்கும் இதே கணக்கு உண்டு. தொலைக்காட்சித் திரையில் அந்தச் சொற்கள் பெரிதும் சிறிதுமாக, பல வண்ணங்களில் மிதக்கும். பார்ப்பவர் மனத்தில் இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: அதிகம் சொல்லப்பட்ட சொல்தான் அந்தப் பேச்சின் சாரமா? ஓர் உரையில் ‘விவசாயி’ இருபது முறையும் இன்னோர் உரையில் பத்து முறையும் வந்தால், முதல் உரை விவசாயியை இரண்டு மடங்கு மதித்தது என்று கொள்ளலாமா?

இது வீண் கேள்வி இல்லை. தலைவர்களின் பேச்சு பின்னால் சட்டமாகிறது, நிதி ஒதுக்கீடாகிறது, சில சமயம் போராகவும் ஆகிறது. ஒன்றரை மணி நேர உரையை முழுதாகக் கேட்க எல்லோருக்கும் நேரம் கிடைப்பதில்லை. பலரும் அதன் படத்தைத்தான் பார்க்கிறார்கள். படம் தவறாக இருந்தால் வாக்காளர் கையில் கிடைப்பது தவறான பேச்சு.

சொற்களை எண்ணுவது இன்று கணினிக்கு நொடி வேலை. எதை எண்ணுவது, எண்ணியதை எப்படி வரைவது என்பதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. அதைப் பழக, கையாலேயே எண்ணி முடிக்கக்கூடிய சிறிய பேச்சு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

கெட்டிஸ்பர்க், 1863 நவம்பர் 19

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரைச் சுற்றி வடக்குப் படையும் தெற்குப் படையும் மோதின. இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல்போனவர்கள் என்று இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 50,000 பேர். மடிந்த வடக்கு வீரர்களுக்காக அங்கே ஒரு தேசிய மயானம் அமைக்கப்பட்டது. அதை அர்ப்பணிக்கும் விழா நவம்பர் 19 அன்று நடந்தது.

அன்றைய முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராகவும், செனட் உறுப்பினராகவும், வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். மேடைப் பேச்சில் அந்நாளில் பெரும்புகழ் பெற்றவர். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். அச்சில் அது 13,000 சொற்களுக்கு மேல் வருகிறது. அவருக்குப் பின் ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கன் எழுந்தார், பத்து வாக்கியங்கள் பேசினார், அமர்ந்தார். ஏறக்குறைய இரண்டு நிமிடம்.

அந்தப் பத்து வாக்கியங்களைத்தான் இந்த அத்தியாயம் எண்ணப்போகிறது.

எண்ணுவதற்கு முன்பே எடுக்கும் முடிவுகள்

லிங்கனின் பேச்சில் எத்தனை சொற்கள்? ஒரு புத்தகம் 272 என்கிறது, இன்னொன்று 271, மற்றொன்று 268 என்கிறது. யாரும் தவறாக எண்ணவில்லை. போர்க்களத்தைக் குறிக்கும் ‘பேட்டில்-ஃபீல்ட்’ நடுவில் சிறு கோட்டோடு எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒரு சொல்லாகக் கொண்டால் 271, இரண்டாகப் பிரித்தால் 272. ‘முடியாது’ என்று பொருள்படும் ‘கேன் நாட்’ மூன்று இடங்களில் பிரித்தெழுதப்பட்டிருக்கிறது. இன்றைய வழக்கப்படி அதைச் சேர்த்தெழுதினால் மூன்று சொற்கள் குறைந்து 268 ஆகிவிடும். ‘சொல் என்பது எது’ என்ற முடிவை எண்ணுபவர் எடுத்த பிறகுதான் எண் பிறக்கிறது.

எந்தப் பிரதியை எண்ணுவது என்பது அதற்கும் முந்தைய கேள்வி. லிங்கன் கைப்பட எழுதிய ஐந்து பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குள் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. கடைசி வாக்கியத்தில் கடவுளைக் குறிப்பிடும் இரண்டு சொற்கள் முதல் இரு பிரதிகளில் இல்லை. பிந்தைய மூன்றிலும் இருக்கின்றன. விழாவில் குறிப்பெடுத்த செய்தியாளர்களின் பதிவிலும் அவை உண்டு. எழுதிவைத்ததும் வாயால் சொன்னதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இன்றைய தலைவர்கள் தயாரித்த உரையை விட்டு விலகிப் பேசும்போதும் இதே சிக்கல்தான். இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது, லிங்கன் கையொப்பமிட்டதும் பரவலாக அச்சிடப்படுவதுமான பிளிஸ் பிரதி. மொத்தம் 271 சொற்கள்.

மேகத்தில் காணாமல்போனவை

முதல் எண்ணிக்கையில் முன்னால் வருபவை: ‘தட்’ 13, ‘த’ 11, ‘வி’ 10, ‘ஹியர்’ 8, ‘டு’ 8. தமிழில் அவை முறையே ‘அது, அந்த, என்று’, சுட்டிடைச்சொல், ‘நாம்’, ‘இங்கே’, ‘க்கு’ என்ற பொருளில் வருபவை. எந்த ஆங்கில நூலை எண்ணினாலும் இப்படிப்பட்ட சிறுசொற்கள்தான் மேலே மிதக்கும். அதனால் 1950களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைகளைக் கணினியால் சுருக்கும் முறையை வகுத்தபோது, மிகப் பொதுவான சொற்களை முதலில் கழித்துவிட்டுப் பிறகு எண்ணினார். இப்படிக் கழிக்கப்படும் சொற்களை ‘ஒதுக்குச்சொற்கள்’ எனலாம். இன்றும் சொற்களை ஆராயும் மென்பொருள்கள் அவற்றின் பட்டியலோடுதான் வருகின்றன.

பட்டியலைக் கழித்துவிட்டு, மிஞ்சிய சொற்களை எண்ணிக்கைக்கு ஏற்பப் பெரிதாக எழுதிக் கலைத்துப் போட்டால் கிடைப்பது சொல்மேகம். 2008இல் ஜொனாதன் ஃபைன்பர்க் உருவாக்கிய வேர்டில் என்ற இணையக் கருவி வந்த பிறகு இது உலகெங்கும் பரவியது. உரையை ஒட்டினால் போதும், படம் வந்துவிடும்.

லிங்கனின் பேச்சை அப்படி ஒட்டினால் நடுவில் பெரிதாக நிற்பது ‘நேஷன்’, அதாவது தேசம், 5 முறை. அடுத்து ‘அர்ப்பணிக்கப்பட்ட’ என்ற பொருள் கொண்ட ‘டெடிகேட்டட்’, 4 முறை. பிறகு மக்கள், இறந்தோர், மாபெரும் என்பவற்றுக்கான சொற்கள், தலா 3 முறை. பார்ப்பதற்கு அழகான படம்தான். ஆனால் தேசம், தியாகம், மக்கள் என்று எந்த நாட்டின் எந்தப் போர் நினைவுப் பேச்சிலிருந்தும் இதே படம் கிடைக்கும். எவரெட்டின் இரண்டு மணி நேரத்தைவிட இந்த இரண்டு நிமிடம் ஏன் நிலைத்தது என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை.

காரணம், தடயங்கள் குப்பைக்கூடைக்குப் போய்விட்டன. பரவலாகப் பயன்படும் என்எல்டிகே என்ற இலவச மென்பொருளின் ஆங்கில ஒதுக்குச்சொல் பட்டியலில் ‘வி’, ‘ஹியர்’, ‘தட்’, ‘திஸ்’, ‘நாட்’ ஆகிய ஐந்துமே இருக்கின்றன. லிங்கன் பத்து முறை சொன்ன ‘நாம்’, எட்டு முறை சொன்ன ‘இங்கே’, ஐந்து முறை சொன்ன ‘இல்லை’ எல்லாம் படம் வரைவதற்கு முன்பே துடைக்கப்பட்டுவிடுகின்றன.

சொல்மேகத்துக்கு வேறு குறைகளும் உண்டு. எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் நீளமான சொல் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு பெரிதாகத் தெரியும். ஒரு சொல் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் பொருள் கிடையாது. இடம் பார்த்து நிரப்பியதுதான். ஒரே வினையின் இரு வடிவங்கள் தனித்தனியாக நிற்கும். ‘டெடிகேட்டட்’ 4, ‘டெடிகேட்’ 2; இரண்டையும் சேர்த்து எண்ணினால் 6 ஆகி, ‘நேஷன்’ இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். முதலிடம் யாருக்கு என்பதையே இந்தச் சின்ன முடிவு மாற்றிவிடுகிறது.

சிறுசொல் சொன்ன சாட்சி

ஒதுக்கித் தள்ளும் சிறுசொற்களில் எவ்வளவு செய்தி ஒளிந்திருக்கிறது என்பதை அமெரிக்க அரசியல் எழுத்தின் ஒரு பழைய வழக்கு காட்டியது. 1787-88இல் புதிய அரசியலமைப்பை ஆதரித்து 85 கட்டுரைகள் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வெளிவந்தன. எழுதியவர்கள் அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிசன், ஜான் ஜே. அவற்றில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மாடிசனா என்ற சர்ச்சை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தீரவில்லை. இருவரும் ஒரே கொள்கையை, ஒரே கலைச்சொற்களால், ஒரே நடையில் எழுதியவர்கள். ‘அரசு’, ‘மாநிலம்’, ‘சட்டம்’ போன்ற கனமான சொற்களை எண்ணிப் பயனில்லை.

புள்ளியியலாளர்கள் ஃபிரெடெரிக் மோஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் சிறுசொற்களை எண்ணினார்கள். ‘மேல்’ என்ற பொருள் தரும் ‘அபான்’ என்ற சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்குச் சுமார் மூன்று முறை எழுதுகிறார். மாடிசன் அதை அபூர்வமாகவே தொடுகிறார். இப்படிப் பல சொற்களை ஒன்றாக எடைபோட்டு, சர்ச்சைக்குரிய 12 கட்டுரைகளும் மாடிசனுடையவையாக இருக்கவே மிகுந்த வாய்ப்பு என்று 1964இல் நூலாக வெளியிட்டார்கள். கருத்தைச் சுமக்கும் சொற்களை எழுதுபவர் யோசித்துத் தேர்கிறார். சிறுசொற்கள் யோசிக்காமல் வந்து விழுகின்றன, அதனாலேயே ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன.

சொல் விழும் இடம்

லிங்கனிடம் திரும்பலாம். எத்தனை முறை என்ற கேள்வியை விட்டுவிட்டு, எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். 271 கட்டங்கள் கொண்ட நீளமான பட்டை ஒன்றைத் தாளில் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ‘நேஷன்’ விழும் கட்டங்களுக்கு மட்டும் நீலம் தீட்ட வேண்டும். கீழே இன்னொரு பட்டை வரைந்து ‘ஹியர்’ விழும் கட்டங்களுக்குச் சிவப்பு. இதைச் ‘சொல்லிடப் பட்டை’ எனலாம்.

நீலம் விழும் கட்டங்கள்: 16, 43, 46, 89, 244. சிவப்பு: 83, 130, 154, 163, 174, 183, 197, 230.

இரண்டு பட்டைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் மேகம் மறைத்தது தெரிகிறது. தேசம் என்ற சொல் பேச்சின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் நான்கு முறை வந்துவிட்டு, 89ஆம் கட்டத்துக்குப் பின் மறைந்துபோகிறது. 244ஆம் கட்டம் வரை அது இல்லை. பேச்சின் பாதிக்கும் மேலான நீளம் அது. சரியாக அந்த இடைவெளியில்தான் ‘இங்கே’ குவிகிறது. எட்டில் ஏழு அங்கேதான். முதல் 82 சொற்களில் ‘இங்கே’ ஒரு முறைகூட இல்லை.

பேச்சு எப்படி நகர்கிறது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. தேசம் பிறந்த கதையில் தொடங்கி, அது நிலைக்குமா என்ற கேள்வியைத் தொட்டு, பிறகு தேசம் என்ற பெரிய சொல்லை விட்டுவிட்டுக் காலடி மண்ணுக்கு இறங்குகிறார் லிங்கன். இங்கே போரிட்டவர்கள், இங்கே மடிந்தவர்கள், இங்கே கூடியிருக்கும் நாம். 230ஆம் கட்டத்தில் கடைசி ‘இங்கே’. அதற்குப் பதினான்கு கட்டம் தாண்டித் தேசம் திரும்பி வருகிறது.

மூன்றாவது பட்டையில் ‘வி’யைத் தீட்டினால் நடுவில் ஒரு கொத்து தெரியும்: 108, 112, 116. நான்கு கட்டத்துக்கு ஒன்றாக மூன்று ‘நாம்’, மூன்றின் பின்னும் ‘முடியாது’. இந்த நிலத்தைப் புனிதப்படுத்த நம்மால் முடியாது, இங்கே போரிட்டவர்கள் அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று பேச்சு திரும்பும் முனை அதுதான். இந்தத் திருப்பத்தைச் சுமக்கும் ‘நாம்’, ‘இல்லை’ இரண்டுமே ஒதுக்குச்சொல் பட்டியலில் இருப்பவை.

ஒரே சொல், மூன்று வேலை

இடத்தைப் பார்த்தாயிற்று. அடுத்தது ஒரு சொல் யாரோடு வருகிறது என்பது. பக்கத்தில் நிற்கும் சொற்களை ‘அண்டைச்சொற்கள்’ எனலாம்.

‘டெடிகேட்’ என்ற வினையின் ஆறு வருகைகள் 21, 51, 69, 111, 173, 198ஆம் கட்டங்களில் இருக்கின்றன. முதல் இரண்டிலும் அர்ப்பணிக்கப்பட்டிருப்பது தேசம். மனிதர் அனைவரும் சமம் என்ற கொள்கைக்கு அது அர்ப்பணம். அடுத்த இரண்டில் அர்ப்பணிக்கப்படுவது நிலம். மயானத்துக்காக வந்த சடங்கு அது. கடைசி இரண்டில் அர்ப்பணிக்கப்பட வேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாம், முற்றுப்பெறாத வேலைக்கு. இரண்டு, இரண்டு, இரண்டு. கொள்கைக்குத் தேசம், சடங்குக்கு நிலம், வேலைக்கு மனிதர் என்று ஒரே வினை மூன்று ஆள் மாறுகிறது. விழாவின் பெயரில் இருந்த சொல்லையே எடுத்து, அந்த விழாவுக்கு வந்தவர்கள் மேல் பொறுப்பாகத் திருப்பிவிடுகிறார். கணினி எண்ணிய 6 என்ற எண் உண்மைதான். அந்த 6இன் உள்ளே இருந்த நகர்வை மூன்று வண்ணம் தீட்டிய பட்டைதான் காட்டுகிறது.

‘நேஷன்’ என்ற சொல்லுக்கும் அண்டை பார்க்கலாம். முதல் முறை ‘புதிய தேசம்’. பிறகு ‘அந்தத் தேசம்’, ‘எந்தத் தேசமும்’, மறுபடி ‘அந்தத் தேசம்’. நீண்ட இடைவெளிக்குப் பின் 244ஆம் கட்டத்தில் திரும்பும்போது ‘இந்தத் தேசம்’. தொலைவில் இருந்த ஒன்றைச் சுட்டிய ‘தட்’, கையருகில் இருப்பதைச் சுட்டும் ‘திஸ்’ ஆக மாறியிருக்கிறது. இடையில் ஏழு முறை ‘இங்கே’ சொன்னது வீண்போகவில்லை. கேட்பவர்களை அந்த நிலத்தில் நிறுத்தி, தேசத்தை அவர்கள் அருகில் கொண்டுவந்திருக்கிறது.

உணர்ச்சிக்கு மதிப்பெண்

இன்று பேச்சின் மனநிலையை அளக்கும் மென்பொருள்களும் உண்டு. எளிய வகைகள் ஒவ்வொரு சொல்லுக்கும் நல்லது, கெட்டது என்று மதிப்பெண் வைத்துக் கூட்டுகின்றன. லிங்கனின் கடைசி வாக்கியத்தில் இறந்தோர், மடிந்தனர், வீண், அழிதல் ஆகிய சொற்கள் வருகின்றன. அப்படி அளந்தால் பேச்சு இருட்டில் முடிவதாகக் கோடு கீழே இறங்கக்கூடும். வாசித்தவர் அறிவார்: மடிந்தது வீண்போகாது, மக்களாட்சி அழியாது என்று இரண்டுமே மறுத்துச் சொல்லப்பட்டவை. ‘நாட்’ என்ற ஒரே சிறுசொல் மதிப்பெண்ணைத் தலைகீழாக்க வேண்டும். மறுப்பையும் கணக்கில் எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. செய்தித்தாளில் உணர்ச்சிக் கோடு ஒன்றைப் பார்த்தால் அது எந்த வகையால் வரையப்பட்டது என்று கேட்பது வாசகரின் உரிமை.

முற்றுப்புள்ளி செய்யும் மாயம்

சொல்லை விட்டு வாக்கியத்துக்கு வரலாம். அமெரிக்கக் கடற்படைக்காக 1975இல் உருவான ஃபிளெஷ்-கின்கெய்ட் அளவீடு, பயிற்சி நூல்கள் எந்த வகுப்பு மாணவருக்குப் புரியும் என்று கணிக்கப் பயன்பட்டது. அது பார்ப்பவை இரண்டுதான்: வாக்கியத்துக்குச் சராசரியாக எத்தனை சொல், சொல்லுக்குச் சராசரியாக எத்தனை அசை. 2013இல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் அமெரிக்க ஜனாதிபதிகள் நாடாளுமன்றத்துக்கு அளித்த ஆண்டுரைகளை இந்த வகுப்புக் கணக்கில் அளந்து படமாக்கியது. இரண்டு நூற்றாண்டுகளில் புள்ளிகள் சீராகக் கீழே இறங்கின. அரசியல் மொழி தரம் தாழ்ந்துவிட்டது என்று பலருக்கும் தோன்றியது.

அந்த இறக்கத்தில் வேறொரு கதையும் கலந்திருக்கிறது. 1801இல் தாமஸ் ஜெஃபர்சன் ஆண்டுரையை நேரில் பேசாமல் எழுதி அனுப்பினார். அந்த வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1913இல் உட்ரோ வில்சன்தான் மீண்டும் நேரில் வந்து பேசினார். பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன. வரைபடத்தின் இடப்பக்கப் புள்ளிகளில் பெரும்பாலானவை கண்ணால் வாசிக்க எழுதிய அறிக்கைகள், வலப்பக்கப் புள்ளிகள் காதால் கேட்கப் பேசிய உரைகள். காதுக்கு எழுதுபவர் வாக்கியத்தைச் சுருக்குவது இயல்பு.

முற்றுப்புள்ளியின் பலத்தையும் கெட்டிஸ்பர்க்கிலேயே சோதிக்கலாம். லிங்கனின் பத்து வாக்கியங்களின் நீளம் வரிசையாக 30, 24, 10, 27, 11, 19, 21, 21, 26, 82 சொற்கள். சராசரி 27.1. கடைசி வாக்கியம் மட்டும் 82. அதன் நடுவே நான்கு நீளக் கோடுகள் இருக்கின்றன. பேச்சைக் கேட்டு எழுதுபவர் ஒருவர் அந்தக் கோடுகளுக்குப் பதிலாக முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியங்கள் 14 ஆகும், சராசரி 19.4 ஆக இறங்கும். வாயிலிருந்து வந்த ஒலி மாறவில்லை, சொல் ஒன்றுகூட மாறவில்லை. வகுப்பு மதிப்பெண் மட்டும் சட்டென்று குறைந்துவிடும். பேச்சில் முற்றுப்புள்ளி கேட்காது. அதை வைப்பவர் எழுத்தர்.

இன்னொன்றும் உண்டு. சராசரி 27.1 என்பது, கடைசி வாக்கியம் மற்ற எல்லாவற்றையும்விட இரண்டரை மடங்குக்கும் மேல் நீண்டது என்பதை மறைத்துவிடுகிறது. பத்து வாக்கியங்களையும் பத்துத் தூண்களாக வரைந்தால், ஒன்பது குட்டைத் தூண்களும் முடிவில் ஒரு நெடுந்தூணும் தெரியும். மூச்சை அடக்கி அடக்கிப் பேசி, இறுதியில் முழுவதையும் ஒரே வீச்சில் விட்ட பேச்சின் வடிவம் அது.

இரண்டு பேச்சுகளை ஒப்பிடும்போது

ஜார்ஜ் வாஷிங்டனின் இரண்டாம் பதவியேற்புரை, 1793இல் நிகழ்த்தப்பட்டது, 135 சொற்கள்தான். 1841இல் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் பதவியேற்புரை 8,000 சொற்களைத் தாண்டியது. முதலாவதில் ஒரு சொல் ஒரு முறை வருவதும் இரண்டாவதில் அறுபது முறை வருவதும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி. வெறும் எண்ணிக்கையை ஒப்பிட்டால் நீளமாகப் பேசியவரே எல்லாச் சொல்லிலும் ஜெயிப்பார். அதனால் ‘ஆயிரம் சொற்களுக்கு எத்தனை’ என்று வீதமாக மாற்ற வேண்டும். அப்போதும் 135 சொல் பேச்சில் தற்செயலாக விழுந்த ஒரு சொல் ஆயிரத்துக்கு ஏழுக்கு மேல் என்று பெரிதாகத் தெரியும். சிறிய பேச்சின் வீதத்தை அப்படியே நம்பக்கூடாது.

2012இல் அமெரிக்காவின் இரு கட்சி மாநாடுகளும் முடிந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட படம் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வட்டம். 25,000 சொற்களுக்கு எத்தனை முறை என்ற வீதம் வட்டத்தின் அளவு. இரு கட்சிகளும் எந்த விகிதத்தில் அதைச் சொன்னார்கள் என்பதற்கு வட்டத்துக்குள் நீலமும் சிவப்பும். ஒரு கட்சி அதிகம் சொன்னது இடப்பக்கம், மற்றது அதிகம் சொன்னது வலப்பக்கம், இருவரும் சமமாகச் சொன்னது நடுவில். சொல் நிற்கும் இடத்துக்கு இங்கே பொருள் இருக்கிறது. வட்டத்தைத் தொட்டால், அந்தச் சொல் வந்த பேச்சுப் பகுதிகளையே வாசிக்கலாம். எண்ணிலிருந்து வாக்கியத்துக்குத் திரும்பிப் போக வழி வைத்ததுதான் அந்தப் படத்தின் பெரிய நேர்மை.

எல்லோரும் சொல்லும் சொல்லுக்கு எடை குறைவு என்ற கருத்தை 1972இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் கணக்காக வகுத்தார். நூறு ஆவணங்களில் நூறிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. இரண்டில் மட்டும் வரும் சொல் அந்த இரண்டின் அடையாளம். தேடுபொறிகளுக்கு அடித்தளமான இந்த எண்ணம், ஒரு தலைவரின் நூறு பேச்சுகளில் இன்றைய பேச்சு எதில் வேறுபடுகிறது என்று அறியவும் உதவுகிறது.

தமிழ் மேடைக்கு வரும்போது

இந்த முறைகளைத் தமிழ்ப் பேச்சுக்குக் கொண்டுவரும்போது முதல் தடை இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘நேஷன்’ பெரும்பாலும் அதே வடிவில் வரும். தமிழில் நாடு, நாட்டை, நாட்டின், நாட்டுக்கு, நாட்டிலே, நாட்டைத்தான் என்று நீளும். எழுத்தளவில் பார்க்கும் மென்பொருளுக்கு இவை ஆறு வெவ்வேறு சொற்கள். வேற்றுமை உருபையும் ஏகாரம், தான் போன்ற இணைப்புகளையும் கழற்றி அடிச்சொல்லைக் கண்டுபிடித்த பிறகே எண்ண வேண்டும். அப்படிச் செய்யாமல் வரையும் தமிழ்ச் சொல்மேகத்தில், வேற்றுமை ஏற்காத சொற்கள் தேவையில்லாமல் பெரிதாகித் தெரியும்.

இரண்டாவது, மேடை மரபு. தமிழ்நாட்டுப் பொதுக்கூட்டத்தில் பேச்சாளர் மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ‘அவர்களே’ என்று விளித்துவிட்டுத்தான் தொடங்குவார். அந்தப் பகுதியையும் சேர்த்து எண்ணினால் பேச்சின் தலையாய சொல் ‘அவர்களே’ என்றாகிவிடக்கூடும். விளிப்பைத் தனியே பிரித்து வைப்பது நல்லது. தூக்கி எறியக்கூடாது, யார் பெயர் எத்தனையாவதாக வந்தது என்பதே அரசியல் ஆய்வுக்குத் தனிச் செய்தி.

மூன்றாவது, எழுத்தர். மேடையில் ‘வந்தாங்க’ என்று சொன்னது அச்சில் ‘வந்தார்கள்’ ஆகிறது. பேச்சின் எந்த இடத்தில் தலைவர் செந்தமிழில் ஏறினார், எந்த இடத்தில் பேச்சுத்தமிழுக்கு இறங்கினார் என்பது ஒலிப்பதிவில் இருக்கும். திருத்திய அச்சுப் பிரதியில் இருக்காது. தமிழ் மேடைப்பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் பொருளோடு பிணைந்தது. ஆராய்பவர் பதிவைக் கேட்டு எழுதிய பிரதியை வைத்துக்கொள்வதே சரி.

தடைகளோடு ஒரு வசதியும் இருக்கிறது. லிங்கனின் பத்து ‘வி’யில் எது கூட்டத்தையும் சேர்த்தது, எது மேடையில் இருப்பவர்களை மட்டும் குறித்தது என்று ஆங்கிலச் சொல்லை வைத்துப் பிரிக்க முடியாது. தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. ‘நம்முடைய’, ‘எங்களுடைய’ என்ற வடிவங்களும் இதே பக்கங்களில் சேரும். எழுவாய் இல்லாமல் ‘செய்வோம்’, ‘தந்தோம்’ என்று வரும் வினைகளை மட்டும் சூழலைப் பார்த்துக் கையால் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஒரு தேர்தல் பிரசாரப் பேச்சை எடுத்து, சொல்லுக்கு ஒரு கட்டமாகப் பட்டை வரைந்து, ‘நாம்’ பக்கத்துச் சொற்களுக்குப் பச்சையும் ‘நாங்கள்’ பக்கத்துச் சொற்களுக்குச் சிவப்பும் தீட்டிப் பார்க்கலாம். சாதனைகளைச் சொல்லும் இடத்தில் எந்த வண்ணம், வாக்குறுதி தரும் இடத்தில் எந்த வண்ணம், வாக்குக் கேட்கும் கடைசி நிமிடங்களில் எந்த வண்ணம் என்பது வரிசையாகத் தெரியும். அதே தலைவரின் ஐந்தாண்டுக்கு முந்தைய பேச்சுக்கும் ஒரு பட்டை வரைந்து பக்கத்தில் வைத்தால், மக்களை அவர் எந்த இடங்களில் தன்னோடு சேர்த்துக்கொண்டார், எந்த இடங்களில் எதிரே நிறுத்திப் பேசினார், அந்த எல்லை இடையில் நகர்ந்ததா என்பதைக் கட்டம் கட்டமாகச் சரிபார்க்கலாம்.